முந்திரிக்காட்டில் எனக்கு அடித்த சாவுக்கொட்டு

ஆலங்குடிக்குக் கிழக்கே உள்ள முந்திரிக்காட்டில், அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரின்போது வான்குடையில் இறங்கிய பகைநாட்டு ஒற்றன் ஒருவனை ஊரார் வளைத்து அடித்துக் கொன்றனர் என்னும் கதை அப்பகுதிப் பேருந்துகளில் இன்றும் உலவுகிறது. புதைத்த இடம் இதுதான் என்று ஒரு மரத்தைச் சுட்டுவோரும் உளர். அன்று அங்கே இருந்தவருள் நானும் ஒருவன். கொல்லப்பட்டவர் எவரும் இலர். வளைக்கப்பட்டவர் நம் நாட்டுப் படைவீரர். என் நாளேடு அந்நிகழ்வை இரண்டு வரியில் முடித்துக்கொண்டது: முந்திரிக்காட்டில் ஐயத்திற்குரிய பொருள் கண்டெடுக்கப்பட்டது, அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. இரண்டாம் வரி நான் எழுதியதன்று. அலுவலகத்தில் இருந்தோர் சேர்த்தது. அஞ்சத்தக்கது அங்கே மிகுதியாகவே இருந்தது. அதனை நேரில் அறிந்தவர் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். கதையோ ஆண்டுக்காண்டு கொழுக்கிறது. ஆகவே கண்டதைக் கண்டவாறு எழுதிவைக்கிறேன். அப்படைவீரரின் விருப்பப்படி அக்காட்டை அடுத்த ஊர்களின் பெயரையும் ஆட்பெயரையும் தவிர்க்கிறேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளிவந்த நாளேடொன்றின் புதுக்கோட்டைச் செய்தியாளனாக நான் பணியேற்றது, சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த நாற்பத்தெட்டாம் ஆண்டில். ஒற்று என்பதைப் பழைய நூல்களில் மட்டுமே கண்டிருந்த எனக்கு அதன் உயிருருவம் அவ்வாண்டிலேயே அறிமுகமாயிற்று. அரசியல் கொந்தளிப்பு மிகுந்த காலம் அது. படிப்பகத்தில் நான் அமரும் பலகைக்கு எதிரே நாள்தோறும் ஒருவர் வந்து அமர்வார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலில் மட்டும் காவலர் செருப்பு. நான் எந்த ஏட்டைப் புரட்டுகிறேன், யாரோடு பேசுகிறேன் என்பதைக் குறித்துச் செல்வதே அவர் பணி. ஒருநாள் அவரே என் பக்கம் குனிந்து கேட்டார்:

“ஐயா, இந்தத் தலைப்புல இடுக்கண்ணு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?”

“துன்பம்.”

“அப்ப அதையே எழுதிக்கிறேன். ஒங்களுக்குப் பின்னால அலையறதுக்கு அகராதி ஒண்ணு வாங்கணும் போல.”

நான் சிரித்தேன். ஆயினும் அன்று வீடு திரும்புகையில் பலமுறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் நம்மைக் கூர்ந்து நோக்குகிறார் என்று தெரிந்துவிட்டால், குற்றமற்றவன் நடையும் குற்றவாளியின் நடையைப் போலாகிவிடும். இதனை அன்று உணர்ந்துகொண்டேன். பிற்காலத்தில் மீண்டும் உணர வேண்டியதாயிற்று.

படைச்செய்தி எழுதுவோர் எல்லைக்குச் சென்று எழுதுவர் என்று இன்றையோர் எண்ணக்கூடும். எனக்கு வாய்த்த எல்லைகள் திருமயம் சாலையும் கீரனூர்ச் சாலையும் ஆலங்குடிச் சாலையுமே. பேருந்தின் கூரைமேல் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புப் பெட்டி வந்தால், அதன்மேல் வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் பொறித்திருந்தால், படைவீரர் ஒருவர் விடுமுறையில் வந்திருக்கிறார் என்று பொருள். அப்பெட்டி எவ்வூரில் இறங்குகிறதோ அவ்வூருக்கு மறுநாள் என் மிதிவண்டி செல்லும். எழுதக்கூடாதவை பல. படைப்பிரிவின் பெயரை எழுதலாகாது. இருக்கும் இடத்தை எழுதலாகாது. வந்த வழியையும் செல்லும் நாளையும் எழுதலாகாது. எஞ்சுவது குளிரும் கம்பளியும் சப்பாத்தியுமே. அவற்றைக் கொண்டே பல பத்திகளை நிரப்பியிருக்கிறேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு வடகிழக்கு மலைகளில் நம் படை பின்வாங்கிய பிறகு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஆவூருக்கு அப்படியொரு பெட்டி வந்தது. அதற்குரியவர் பழைய கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; மலைமேல் தொலைபேசிக் கம்பி இழுக்கும் பிரிவில் பணியாற்றியவர். கோயில் மதிலோரம் வேப்பமர நிழலில் அமர்ந்து பேசினோம்.

“குளிரைப் பத்தி எழுதிக்கங்க சார். மத்ததைக் கேக்காதீங்க,” என்றார்.

நான் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

“ஒரு காட்டுக்குள்ள எங்களை வளைச்சுட்டாங்க சார். ஆளு தெரியாது. கொம்பு ஊதுறது, தகரம் தட்டுறது, கூச்சல். சத்தம் மட்டும் நாலா பக்கமும் கிட்ட வரும். நம்ம பட்டாளத்து இந்திலயே வா, வான்னு கூப்புடுவான். எந்திரிச்சு ஓடுனவன் போயிட்டான். எலையை இழுத்து மூடிக்கிட்டு அசையாமக் கெடந்தவன் பொழைச்சான். நான் கெடந்தேன்.”

“எவ்வளவு நேரம் கிடந்தீர்கள்?”

“இன்னும் எந்திரிக்கலை சார்.”

அப்போது கோயிலில் நண்பகல் மணி அடித்தது. அவர் முதுகு மதிலோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் தரையில் எதையோ துழாவின. மணி நின்ற பின்னரே அவர் துழாவியது உதிர்ந்த வேப்பிலைகளை என்று கண்டேன். நான் எழுதியனுப்பியதில் பின்வாங்கலைப் பற்றிய பகுதி முழுவதும் நீக்கப்பட்டு, குளிர் மட்டும் அச்சாயிற்று. அம்மனிதர் ஓசைக்கு எவ்வாறு அஞ்சுவார் என்பதை அவர் வீட்டார்க்கு அடுத்தபடியாக அறிந்தவன் நான் ஒருவனாகவே இருந்தேன்.

அறுபத்தைந்தில் மேற்கெல்லையில் போர் மூண்டது. வடக்கே வான்குடைப் படையினர் இறக்கப்பட்டனர் என்றும், உழவர்கள் தடிகொண்டு அவர்களைப் பிடித்தனர் என்றும் செய்திகள் வந்தன. அவ்வளவே போதுமானதாக இருந்தது. புதுக்கோட்டைத் தெருக்களில் மகிழுந்து விளக்குகளின் மேற்பாதிக்குக் கறுப்புப் பூசினர். வழி கேட்கும் அயலார், படம் பிடிப்போர், ஊருக்குப் பொருந்தாத காலணித் தடம் ஆகியவற்றைக் கண்டால் உடனே தெரிவிக்குமாறு துண்டறிக்கைகள் சிற்றூர்தோறும் ஒட்டப்பட்டன. என் தெருமுனையில் துணிக்கடை வைத்திருந்த இராவுத்தர் தம் வானொலிப் பெட்டியைக் கூடத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டார். “நம்ம வீட்டுல ரேடியோ பாட்டுப் பாடுனாக்கூட வெளிய ஆளு நின்னு கேக்குது சார்,” என்றார். அவர் குரல் அதற்குமுன் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அந்நாள்களில் ஒரு காலை, ஆலங்குடியிலிருந்து வந்த பேருந்தின் நடத்துநர் என்னைக் கண்டதும் படியில் நின்றபடியே கூவினார்: “சார், பாராசூட்டு விழுந்துருச்சாம்! முந்திரிக்காட்டுல. நாலு ஊரும் வளைக்கக் கெளம்பிட்டாங்க.”

மிதிவண்டியைக் கூரையில் ஏற்றிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஆலங்குடிக்குச் சென்றேன். அங்கிருந்து கிழக்கே மிதித்தேன். கடலைக் கொல்லைகளில் ஆளே இல்லை. ஏற்றம் இறைத்த நீர் வாய்க்காலில் பாதிவழி ஓடி நின்றிருந்தது. மாடுகள் கட்டுத்தறியிலேயே கிடந்தன. நெடுந்தொலைவில் கொட்டுமுழக்கம் மட்டும் கேட்டது. பகல் வெளிச்சத்தில், விளைந்த கொல்லைகளுக்கு நடுவே, மனிதர் ஒருவருமின்றி அம்முழக்கத்தை மட்டும் கேட்டபடி மிதித்தேன்.

புளியமரத்தடியில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் ஒற்றை மாட்டுவண்டி நின்றது. அதன்மேல் கறுப்பு இரும்புப் பெட்டி. வெள்ளை எழுத்தில் இருந்த பெயரைப் படித்தவுடன் அறிந்துகொண்டேன்: ஆவூரில் கண்டவரின் பெட்டி. அருகில் நிறைசூலியான ஓர் இளம்பெண்ணும் முதியவர் ஒருவரும் நின்றிருந்தனர். அவர் மனைவியும் மாமனாரும் என்று விசாரித்து அறிந்தேன். மனைவியின் தலைப்பேற்றுக்காக விடுமுறையில் வந்தவரை, போர் மூண்டதும் படைக்குத் திரும்புமாறு அழைத்துவிட்டனர்.

“பஸ்ஸு போயிருச்சுங்க. குருசடியில மெழுகுவத்தி ஏத்திட்டுக் குறுக்க வந்துர்றேன்னு விடியமுன்ன போனாரு. இன்னும் காணலை,” என்றாள் அப்பெண்.

குருசடி என்பது திறந்த வெளியில் மேடை கட்டி நிறுத்திய சிலுவை. நெடும்பயணம் புறப்படுவோர் அங்கே ஒளியேற்றிவிட்டுச் செல்வது அக்குடும்பங்களின் வழக்கம்.

“குருசடி எங்கே இருக்கிறது?”

அவள் கொட்டு முழங்கிய திசையைக் கைகாட்டினாள்.

“சீருடையிலா சென்றார்?”

“ஆமாங்க. பூட்சு, பெல்ட்டு எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான்.”

“அங்கே வேட்டைக்கு வந்திருப்போர் அவரை அறிவார்களா?”

“எங்க தெருவுல இருக்கவுகளுக்குத் தெரியும்,” என்றார் முதியவர். “வேட்டைக்கு நாங்க போறதில்லைங்க. அது அவுக சாமிக்கு உள்ளது. அவுக நாலு ஊருக்கும் இவரு யாருன்னே தெரியாது.”

வளைக்கும் ஓசை கேட்டால் அவர் எழுந்து வரமாட்டார்; இலையை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பார். மறைந்து கிடக்கும் சீருடைக்காரரைக் கண்டால் வேட்டையாள் கேள்வி கேட்கமாட்டான். இவ்விரண்டையும் ஒருசேர அறிந்தவன் அந்நேரத்தில் நான் ஒருவனே. “வண்டியைத் திருப்புங்கள்,” என்றேன்.

அவ்வூர்களின் பாரிவேட்டையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆண்டுக்கொருமுறை கோடையில் நான்கு ஊராரும் கூடி, காட்டைச் சுற்றி வளையமாக நின்று, கொட்டின் நடைக்கேற்ப உள்நோக்கி நெருங்குவர். முயலும் காட்டுப்பன்றியும் வளையத்தின் நடுவே சேரும். வீழ்ந்த விலங்கில் நான்கு ஊருக்கும் பங்கு உண்டு. முந்தைய ஆண்டு அதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்பொருட்டு அதன் நடைமுறைகளைக் கேட்டறிந்திருந்தேன். ஒற்றனைப் பிடிக்க வேண்டும் என்றவுடன் அவர்கள் அறிந்த ஒரே முறையை அவர்கள் கையாண்டனர். வடக்கே உழவர்கள் தடியோடு செய்ததை இவர்கள் தங்கள் குலதெய்வத்தின் கொட்டோடு செய்யப் புகுந்தனர்.

காட்டின் விளிம்பில் வேல்கம்புகளோடு நின்ற இளைஞர் சிலர் எங்களை மறித்தனர். நான் வண்டியிலிருந்து குதித்து, “உள்ளே இருப்பவர் நம் நாட்டுப் படைவீரர். அருள்கூர்ந்து முற்றுகையை நிறுத்துங்கள்,” என்றேன். அச்சம் மேலிடும்போது என் பேச்சு மேலும் செந்தமிழாகிவிடும். இது எனக்கு இயல்பு.

ஒருவன் மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். “ஏலே, இவரு பேசுறதைப் பாருடா. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி. நம்ம பக்கத்து ஆளு இப்படியா பேசுவாரு?”

“பையில என்ன இருக்கு? பிரி.”

பையில் நிழற்படக்கருவி இருந்தது.

“போட்டாப் பொட்டி! நோட்டீசுல போட்டிருந்தான்ல? இவரு அவனுக்குக் கூட்டாளிடா!”

சிரிப்பு மறைந்தது. வேலின் முனை என் சட்டையின் இரண்டாம் பொத்தானைத் தொட்டது. பிழைக்க வேண்டுமாயின் கொச்சையாகப் பேசு என்று உள்ளம் கூறிற்று, வாய் இணங்கவில்லை. நான் வாய்திறக்கத் திறக்க அவர்கள் ஐயம் முதிர்ந்தது. கடைசியில் முதியவர் வண்டியிலிருந்து கத்தினார்: “அட, பேப்பர்காரருப்பா! போன வருசம் ஒங்க வேட்டையைப் பத்திப் பேப்பர்ல போட்டாரே, அவருதான். அம்பலம்கிட்டக் கூட்டிட்டுப் போங்க!”

அம்பலம் என்பது அங்கே ஊர்த்தலைவரைக் குறிக்கும். அவர் ஐயனார் திடலில் நின்றிருந்தார். பக்கத்துக் கிளையில் அந்த வான்குடை தொங்கியது. சிவந்த தாளால் ஆனது. அதிலிருந்து ஒரு வெண்பெட்டியும் கம்பிகளும் ஊசலாடின. வானிலை ஆய்வோர் பலூனில் கட்டி விண்ணுக்கு அனுப்பும் கருவி அது என்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த அலுவலர் பிற்பகலில் விளக்கினார். அப்போது அது எங்களுள் எவர்க்கும் தெரியாது. எனினும் அக்குடையில் ஒரு பூனைகூட இறங்க இயலாது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

“இது சாமானுக்கு உள்ள கொடைங்க,” என்றார் அம்பலம் பொறுமையாக. “ஆளுக்கு உள்ளதைப் பொதைச்சிருப்பான். பூட்சுத் தடம் பாத்தாச்சு. ஆணி அடிச்ச பூட்சு. உள்ள போன தடம் இருக்கு, வெளிய வந்த தடம் இல்லை.”

“அது இந்தப் பெண்ணின் கணவருடைய தடம்.”

அவர் அப்பெண்ணைப் பார்த்தார்; வண்டியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். முகம் மாறிற்று. ஆனால் கையை விரித்தார்.

“நெசமாவே இருக்கட்டும். எப்படி நிறுத்துறது? வளைப்பு எறங்கிருச்சு. அந்தக் கோடியில நிக்கிறவன் வேற ஊருக்காரன். என் சத்தம் அங்க போகாது. கொட்டுதான் போகும்.”

“எனின், கொட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.”

“கொட்டு நின்னா மிருகம் விழுந்துருச்சுன்னு அர்த்தம். பங்குக்கு எல்லாரும் கம்போட உள்ள ஓடியாருவான்.”

நான் கேட்டறிந்திருந்த நடைமுறைகளுள் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. வேட்டையின் நடுவே அந்நான்கு ஊரெல்லைக்குள் எவரேனும் இறந்தால் சாவுக்கொட்டு அடிக்கப்படும். அதைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் நின்ற இடத்திலேயே நின்று, வேலின் முனையை மண்ணில் ஊன்ற வேண்டும். இறந்தவர் பெயர் வாய்க்கு வாய் வளையம் முழுதும் செல்லும். தீட்டுப் பட்ட வேட்டை அன்றோடு முடியும். “சாவுக்கொட்டு அடிக்கச் சொல்லுங்கள்,” என்றேன்.

கொட்டுக்காரர் நரைத்த தலையினர். அடியை நிறுத்தாமலே தலையை அசைத்தார். “வேணாம் சாமி. பொணம் இல்லாம சாவுக்கொட்டு அடிச்சா, அது பொணம் தேடும். எங்க அப்பன் சொல்லிருக்காரு.”

“அடிக்கத்தான் வேணும்யா,” என்றார் அம்பலம்.

“அடிக்கிறேன். யாரு பேருக்கு? பேரு சொல்லாம அது நிக்காதுங்களே.”

எவர் வீட்டுப் பெயரை எவர் கொடுப்பர்? கொட்டின் நடை விரைந்துகொண்டிருந்தது. வளையம் நெருங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்பெண் முன்வந்து வாயைத் திறந்தாள். அவள் எப்பெயரைச் சொல்லப்போகிறாள் என்பது தெரிந்தது. அவ்வயிற்றோடு தன் பெயரைத்தான். நான் முந்திக்கொண்டு என் பெயரைச் சொன்னேன்.

இத்தகைய நம்பிக்கைகளை எள்ளி நான் அதற்குமுன் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். ஆயினும் என் பெயர் என் வாயிலிருந்து வெளிப்பட்டவுடன் அதைத் திரும்பப் பெற வழியுண்டா என்று எண்ணினேன். கொட்டுக்காரர் என்னை இரக்கத்தோடு நோக்கினார்.

“புள்ளகுட்டி இருக்காங்களா சாமி?”

“இருக்கிறார்கள்.”

“அவுகளைக் கேக்க வேணாமா?”

“நேரமில்லை, பெரியவரே.”

அவர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு அடி மாறிற்று.

துரிதமாய் ஓடிய முழக்கம் அறுந்து, தாழ்ந்த, இடைவிட்ட அடிகள் எழுந்தன. பிறர் வீட்டு வாயிலில் பலமுறை கேட்ட அடிதான். எனக்கென்று அடிக்கையில் அதன் ஓசை வேறு. ஒவ்வோர் அடிக்கும் இடையே அடுத்தது வராமலே போகட்டும் என்று காத்திருந்தேன். காட்டின் ஒலிகள் ஒவ்வொன்றாய் அடங்கின. என் பெயர் மரங்களுக்கிடையே ஆளுக்கு ஆள் கைமாறித் தொலைவில் சென்றது. செல்லச்செல்லச் சிதைந்து, பேப்பர்காரரு, பேப்பர்காரரு என்று மட்டும் கேட்டது. பின்னர் அதே வழியாக ஒரு வினா திரும்பி வந்தது: எப்படிச் செத்தாரு?

அம்பலம் என் பக்கம் திரும்பினார். “என்னங்க சொல்றது?”

“நெஞ்சுவலி என்று சொல்லுங்கள்.”

“அது பொய்யில்லை,” என்றான் என்னை வேலால் தொட்ட இளைஞன். “மூஞ்சியைப் பாரு.”

அம்பலம் காட்டைச் சுட்டினார். “கொட்டு அடங்குறதுக்குள்ள ஆளைக் கொண்டாங்க. எங்க ஆளு வந்தா, கம்பைக் கண்டு பாஞ்சுருவாரு. நீங்க போங்க.”

நானும் அப்பெண்ணும் உள்ளே நுழைந்தோம். முந்திரி மரங்கள் கிளைகளைத் தரைவரை தாழ்த்தி நிற்பவை. சில அடிக்கு அப்பால் பார்வை செல்லாது. விறகுக்காகப் பெண்கள் கூட்டிவைத்த சருகுக் குவியல்கள் மரத்துக்கு மரம் கிடந்தன. எக்குவியலிலும் ஒரு மனிதர் படுத்திருக்கலாம். அவர் கையில் கத்தி இருக்கலாம். அவர் பெயரை உரக்கக் கூவினேன். விடையில்லை. பகைவனும் நம் படையினர் பேச்சிலேயே அழைத்தான் என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவில் தைத்தது. என் அழைப்பு அவரை இன்னும் ஆழமாகப் புதைத்திருக்கும்.

“நீ அழை, அம்மா,” என்றேன்.

“ஏங்க,” என்றாள். கணவர் பெயரை அவள் சொல்லமாட்டாள். “ஏங்க... ஏங்க...” அக்குரல் எவர் மனைவியின் குரலாகவும் இருக்கக்கூடும்.

அவள் நின்றாள். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கையில் எடுத்தாள். பிறகு, வீட்டில் மாலைதோறும் சொல்வதுபோல் செபத்தின் முற்பாதியை உரத்த குரலில் சொல்லி நிறுத்தினாள். அவர்கள் வீடுகளில் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர் சொல்வர் என்பதை நான் அறிவேன். எவரும் சொல்லவில்லை. சாவுக்கொட்டு மட்டும் விடை கூறியது. அவள் சில அடி நடந்து மீண்டும் சொன்னாள், நிறுத்தினாள். மீண்டும் நடந்தாள். அந்த நிறுத்தங்களில் நான் பட்ட அச்சத்தை என்னால் சொற்படுத்த இயலவில்லை.

எங்களுக்கு இடப்புறம், கிட்டத்தட்ட என் காலடியிலேயே, ஒரு சருகுக் குவியல் பிற்பாதியைச் சொன்னது.

அடைத்த குரல். சொற்கள் தெளிவாக, முறை பிறழாமல் வந்தன. அவள் மாலையின் அடுத்த மணியைத் தொட்டு மீண்டும் தொடங்கினாள். குவியல் மீண்டும் முடித்தது. இவ்வாறு சிலமுறை நிகழ்ந்தபின் சருகுகள் சரிந்தன. அவர் எழுந்து அமர்ந்தார். கையில் விரித்த மடக்குக்கத்தி. கண்கள் எங்களைப் பார்க்கவில்லை. கொட்டு வந்த திசையில் இருந்தன.

“யாரு செத்தது?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றேன்.

அவர் “சரி சார்,” என்று கத்தியை மடக்கினார்.

வெளியே வருகையில் வளையத்தின் ஊடாகவே வரவேண்டியிருந்தது. இருபுறமும் ஆட்கள் வேலைத் தலைகீழாக ஊன்றியபடி நின்றனர், எவரும் அசையவில்லை. நாயொன்று உறுமிற்று, அதன் வாயை ஒருவன் கையால் பொத்தினான். படைவீரரின் கண்கள் தம் காலணியை விட்டு உயரவில்லை. மனைவி அவர் முழங்கையைப் பற்றியிருந்தாள்.

திடலில் அம்பலம் ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். “மாப்பிள்ளை, வரும்போது ரோட்டு வழியா வரக்கூடாதா? மேல இருந்தா எறங்குறது?” என்றார். சிலர் சிரிக்க முயன்றனர். படைவீரர் கைகளால் இளநீரைப் பிடிக்க இயலவில்லை. அவள்தான் பிடித்துக் குடிப்பித்தாள். அதைக் கண்டபின் எவரும் சிரிக்கவில்லை. அம்பலம் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கொட்டுக்காரர் என்னிடம் வந்தார். அடித்த கொட்டுக்குப் பிணம் காட்டவேண்டும் என்றார். என் தோளில் கிடந்த துண்டை வாங்கி, ஒரு முந்திரிக் கிளையின்மேல் போர்த்தி, திடலின் தென்மூலையில் எரித்தார். நான் எரிவதை நானே நின்று பார்த்தேன்.

“இனிமே இந்த நாலு ஊர்லயும் நீங்க செத்தவரு சாமி. யாரு வீட்டுலயும் தண்ணி கேக்காதீங்க. குடுக்க மாட்டாக. கோவிச்சுக்காதீங்க.”

மாலைப் பேருந்தில் படைவீரர் ஏறினார். பெட்டி கூரைக்குச் சென்றது. சன்னல் வழியே என்னை அழைத்து, “இதையும் எழுதிறாதீங்க சார். கோர்ட்டு மார்சல் பண்ணிருவான். குளிரைப் பத்தி எழுதுங்க,” என்றார். புரட்டாசி வெயில் தகித்துக்கொண்டிருந்தது.

அதன் பின்னரே எனக்கு உண்மையான அச்சம் தொடங்கியது. பிணமின்றி அடித்த கொட்டு பிணம் தேடும் என்ற சொல்லை என் அறிவு தள்ளியது, உடல் தள்ளவில்லை. என் பெயரைத் தேடி வந்து, கிடைக்காமல், அக்காட்டிலிருந்து என்னோடு வெளியேறிய மற்றவரை அது தொடர்ந்து போனால்? போர்முனையிலிருந்து வரும் இறப்புச் செய்திகளை முதலில் காணும் தொழில் என்னுடையது. ஒவ்வொரு நாளும் அஞ்சலகத்தின் தந்திப் பிரிவைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

போர் ஓய்ந்ததென்று வானொலி அறிவித்துச் சில நாள் கழிந்தபின், அக்காட்டுப் பக்கத்துச் சிற்றூருக்கு ஒரு படைத்தந்தி வந்திருப்பதாக அதே நடத்துநர் கூறினார். சென்றேன். வீட்டை அடையுமுன்பே ஒப்பாரி கேட்டது. மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு வேலியைப் பற்றிக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போனேன். கைக்குழந்தையோடு அவள் மூலையில் அமர்ந்திருந்தாள். பெண்கள் சூழ்ந்து மாரடித்தனர். முதியவர் தந்தியை என்னிடம் நீட்டினார். அது பிரிக்கப்படவே இல்லை. தந்தி என்றால் சாவு என்பதே அவ்வூர் அறிந்த பொருள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் வரும்வரை காத்திராமல் அழத் தொடங்கிவிட்டனர்.

பிரித்தேன். தாம் நலம் என்றும், மகள் பிறந்த செய்தி கிடைத்தது என்றும், தம் தாயின் பெயரையே இடுமாறும் எழுதியிருந்தார்.

“என்ன போட்டிருக்கு? சொல்லுங்கய்யா!”

“நலமாக இருக்கிறார்,” என்றேன். அவர்கள் நம்பவில்லை. “நல்லாயிருக்காரு, ஆத்தா! நல்லாயிருக்காரு!” என்று கத்தினேன். என் நினைவில் நான் கொச்சையாகப் பேசியது அது ஒன்றே.

அவர் முழுப்பணிக் காலமும் முடித்து ஓய்வூதியத்தோடு திரும்பினார். இன்றும் உள்ளார். தெருவில் சாவுக்கொட்டு கேட்டால் உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று அவர் மனைவி கூறுவார். அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். பேருந்தில் தம் பக்கத்து இருக்கைக்காரர் முந்திரிக்காட்டு ஒற்றன் கதையைச் சொல்லி, அடித்துக் கொன்றவருள் தம் சிற்றப்பாவும் ஒருவர் என்று பெருமை பேசினாராம். “நான் செத்துட்டேனாம் சார்,” என்று சிரித்தார். காப்பிக் குவளையைத் தட்டில் வைத்தபோது அது நெடுநேரம் கடகடத்தது. அவர் சென்ற அன்றே இதனை எழுதத் தொடங்கினேன்.

முதுமையின் மறதியால் பிழைகள் நேர்ந்திருக்கலாம். வேட்டையின் நடைமுறைகளை அந்நான்கு ஊரார் என்னினும் நன்கறிவர். மாறுபடக் கூறியிருப்பின் சுட்டுக. ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன். சாவுக்கொட்டை முடிக்கும் இறுதி அடி ஒன்று உண்டென்றும், அது விழுந்தாலன்றிச் சாவு உறுதியாகாதென்றும், என்மேல் இரங்கிய கொட்டுக்காரர் அதை அடிக்காமலே விட்டுவிட்டார் என்றும் பிற்காலத்தில் சிலர் கூறக் கேட்டேன். அவரைக் கேட்டறியுமுன் அவர் காலமாகிவிட்டார். எனக்கோ, அன்று அடிகளைத் தெளிவாகச் செவிமடுக்கும் நிலை இல்லை. அவ்வளையத்தில் வேலூன்றி நின்றவர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்தால், அவ்விறுதி அடி விழுந்ததா இல்லையா என்பதை எனக்குத் தெரிவித்து, இப்பதிவைத் திருத்தி உதவுக.